கைச்சுருட்டில் அப்படி என்னதான் ருசி இருக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையில் உங்கள் தங்கை கல்யாணம். அமெரிக்காவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் பத்துச் சுருட்டு அடுக்கிய மரப்பெட்டி ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நிகரகுவாவில் கையால் சுருட்டியது, விலை அதிகம் என்றாராம். பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மாடியில் நின்று ஒன்றைப் பற்றவைத்தீர்கள். பாதிகூட ஆகவில்லை. நாக்கு எரிந்து, வாய் கசந்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டீர்கள். "இதில் என்ன ருசி? மீதி ஒன்பதை என்ன செய்வது? நம் ஊர் வெயிலில் எங்கே வைப்பது?" என்று கேட்கிறீர்கள்.

தம்பி, சுருட்டின் மேல் தப்பு இருக்காது என்றே நினைக்கிறேன். வெற்றிலை, மொட்டைமாடிக் காற்று, அவசரம் மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு நல்ல இலையும் கசக்கும். நான் சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் சுருட்டு அறைதான் என் பொறுப்பு. வாங்குவது, ஈரம் பார்ப்பது, வெட்டிக் கொடுப்பது, புதிதாக வருபவர் முகம் சுளித்தால் ஏன் என்று கண்டுபிடிப்பது எல்லாம். இப்போது பள்ளத்தூரில் சொந்த வீட்டில் இருக்கிறேன். மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

தலை சுற்றியது ஏன் என்று முதலில் பார்க்கலாம். ஒரு சிகரெட்டில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கும். அதோடு, சிகரெட் புகை சற்று அமிலத்தன்மை உள்ளது, நெஞ்சுக்குள் இழுத்தால்தான் நிகோடின் ஏறும். சுருட்டுப் புகை அதற்கு எதிர்த்தன்மை, அதாவது காரத்தன்மை உள்ளது (வேதியியல் காரம், மிளகாய்க் காரம் அல்ல). அதனால் வாயில் வைத்திருந்தாலே கன்னத்துச் சவ்வு வழியாக நிகோடின் ரத்தத்தில் சேர்ந்துவிடும். உள்ளே இழுக்க வேண்டிய தேவையே இல்லை, இழுக்கவும் கூடாது. நீங்கள் இழுத்திருப்பீர்கள். மறுபடி அப்படி ஆனால் அணையவிட்டு, உட்கார்ந்து, கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரோ பானகமோ குடியுங்கள். சிறிது நேரத்தில் தெளியும்.

உள்ளே இழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரச் சுருட்டு காரணம் என்பது நிரூபணமான விஷயம். இதுவரை புகையிலையைத் தொட்டதில்லை என்றால் அந்த ஒன்பதையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வாழ்க்கையில் எதுவும் குறைந்துவிடாது. எப்போதாவது ஒன்று என்று முடிவு செய்தவருக்குத்தான் மேலே சொல்லப்போவது.

விஷயம் முழுக்கச் சூட்டில் இருக்கிறது. நம் வீட்டு அடுப்படியில் வெந்தயம் வறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இளந்தீயில் பொன்னிறமாகும்போது வீடெல்லாம் மணக்கும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே அரை நிமிஷம் கூட விட்டுவிட்டால் அதே வெந்தயம் குழம்பையே கெடுக்கும். வெந்தயம் மாறவில்லை, சூடுதான் மாறியது. புகையிலையும் அப்படித்தான். மெதுவாக வெந்துகொண்டிருக்கும்போது அதன் எண்ணெய்கள் ஆவியாகி மணம் தரும். தீ அதிகமானால் அவையும் கருகி, கசப்பும் கமறலும் மட்டுமே வாய்க்கு வரும்.

நம் பழக்கமோ பீடியில் வந்த பழக்கம். பீடி இலை தானாகக் கனன்று நிற்காது, கொஞ்சம் விட்டால் அணைந்துவிடும். அந்தப் பயத்தில் விடாமல் இழுப்போம். கருப்பர் கோயில் படைப்பில் சாமியாடி சுருட்டுப் பிடிப்பதையும் பார்த்திருப்பீர்கள். கன்னம் ஒட்ட இழுத்து, மேகம் மாதிரி விடுவார். சாமிக்கு அது பொருந்தும். உங்களுக்கும் எனக்கும் நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும். ஐந்து அங்குலச் சுருட்டு ஒன்று முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வர வேண்டும். நீங்கள் இருபது நிமிஷத்தில் பாதிக்கு வந்திருந்தால் வெந்தயத்தைக் கருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஊர்ச்சுருட்டைக் குறைவாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு' என்ற சொல்தான், கடல் கடந்து போய் உருமாறியது. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டியவை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரை போயின. சென்னை ஸ்பென்சர் கம்பெனிக்கே திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் வட்டிக்கடையில் மேலாளாக இருந்தவர். ஊர் திரும்பிய பிறகும் சாயங்காலம் திண்ணையில் திருச்சிச் சுருட்டோடுதான் உட்கார்வார். அது உலர்ந்த ஜாதி. இரண்டு முனையும் வெட்டித் திறந்திருக்கும், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பற்றவைக்கலாம். உங்களிடம் இருப்பது ஈரப்பதத்தோடு இருக்க வேண்டிய ஜாதி, ஒரு முனை மூடியிருக்கும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்த முடியாது.

அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ஏன் என்பது புரியும். மூன்று பகுதி. நடுவில் நிரப்பிலை. அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டு இலை. வெளியே அழகான மேலிலை. நல்ல கைச்சுருட்டில் நிரப்பிலை தூளாக இருக்காது, முழு நீள இலையாகவே இருக்கும். நடுநரம்பை உருவிவிட்டு, சேலைக் கொசுவம் வைப்பதுபோல மடித்து மடித்துச் சேர்ப்பார்கள். மடிப்புக்கு மடிப்பு இடைவெளி இருந்தால்தான் புகைக்கு வழி கிடைக்கும். இன்னும் பொறுமைக்காரர்கள் ஒவ்வொரு இலையையும் தனிக்குழாயாகச் சுருட்டிச் சேர்ப்பார்கள், காற்றோட்டம் அதில் இன்னும் சீராக இருக்கும். வளைந்த கத்தி ஒன்று, ஒரு பலகை, கொஞ்சம் செடிப்பிசின். சுருட்டுபவரின் தளவாடம் அவ்வளவுதான்.

இலையிலும் தரம் உண்டு. செடியின் அடியில் இருக்கும் இலை மெல்லியது, நன்றாக எரியும், ருசி குறைவு. அதற்கு வொலாடோ என்று பெயர். நடு இலை செக்கோ, மணம் அதில்தான் அதிகம். உச்சி இலை வெயிலை நேராக வாங்கித் தடித்து, எண்ணெய் ஏறி, மெதுவாக எரியும். அது லிகேரோ, காரமெல்லாம், அதாவது நிகோடின் வீரியமெல்லாம், அதில். மெதுவாக எரிவதால் லிகேரோவை நட்ட நடுவில் வைப்பார்கள். தவறி ஓரத்தில் வைத்தால் சுருட்டு ஒரு பக்கம் எரிந்து ஒரு பக்கம் நின்றுவிடும்.

பறித்து உலர்த்திய இலையை அப்படியே சுருட்டினால் யாராலும் பிடிக்க முடியாது. ஈரம் தெளித்து ஆள் உயரத்துக்கு அடுக்குவார்கள். மழையில் நனைந்த வைக்கோல் போருக்குள் கையை விட்டால் சுடும் அல்லவா, அதே சூடு இங்கேயும் உண்டாகும். அடுக்குக்குள் நீளமான வெப்பமானியைச் செருகி வைத்து, சூடு அளவு மீறினால் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே மாற்றி மறுபடி அடுக்குவார்கள். இந்த ஊறலில்தான் இலையில் இருக்கும் அம்மோனியா வெளியேறும். சில சுருட்டுகளில் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வரும், கோழிப்பண்ணை பக்கம் போன மாதிரி. அது ஊறல் பத்தாத இலை. கறுத்த மேலிலைக்கு 'மதுரோ' என்று பெயர், ஸ்பானிய மொழியில் பழுத்தது என்று அர்த்தம். கூடுதல் சூட்டில் அதிக நாள் ஊறி அந்த நிறம் வந்தது. கறுப்பாக இருந்தால் காரம் அதிகம் என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை, பெரும்பாலும் இனிப்புதான் அதிகம்.

நிகரகுவா இலை என்றால் எரிமலை மண்ணில் விளைந்தது. எஸ்தெலி பள்ளத்தாக்கு இலை மிளகுபோல ஏறும், ஹலாப்பா இலை இனிப்பும் நயமும், கொண்டேகா இரண்டுக்கும் நடுவில். மூன்றையும் கலப்பதில்தான் அந்த நாட்டுக்காரர்களின் கைவண்ணம்.

"கியூபாவுடையது இல்லையே" என்று நீங்கள் கடைசி வரியில் குறைப்பட்டிருந்தீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர் கியூபச் சுருட்டு கொண்டுவராததில் ஆச்சரியம் இல்லை. 1962 பிப்ரவரியில் கென்னடி போட்ட வணிகத் தடை இன்னும் அங்கே இருக்கிறது. தடையில் கையெழுத்துப் போடுமுன் தன் பத்திரிகைச் செயலாளரை அனுப்பி 1,200 கியூபச் சுருட்டு வாங்கி வைத்துக்கொண்டார் என்பதை அந்தச் செயலாளரே பிற்பாடு சொன்னார். 1960இல் கியூப அரசு தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டபோது பல குடும்பங்கள் அனுபவத்தைச் சுமந்துகொண்டு டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகரகுவா என்று போய்ச் சேர்ந்தன. அதனால்தான் மோண்டேகிறிஸ்தோ, பர்த்தகாஸ் போன்ற பெயர்களில் கியூபச் சுருட்டும் உண்டு, டொமினிக்கன் சுருட்டும் உண்டு. பெயர் ஒன்று, சரக்கு வேறு. கியூபாவின் வுவெல்த்தா அபாஹோ வட்டாரத்து இலைக்குத் தனி மணம் இருப்பது நிஜம். ஆனால் நம் கைக்கு வரும் 'கியூபா'வில் போலி ஏராளம். கண்ணாடி மூடி போட்ட பெட்டி என்றால் யோசிக்காமல் விலகிவிடுங்கள். தெரிந்த நல்ல நிகரகுவா, தெரியாத கியூபாவைவிட எவ்வளவோ மேல்.

சரி, அடுத்த சுருட்டுக்கு வருவோம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். வெற்றிலை அன்றைக்குக் கிடையாது. சுண்ணாம்பு பட்ட நாக்குக்கு எந்த நயமும் தெரியாது. கோழி மிளகு வறுவலும் அன்றைக்கு வேண்டாம், அந்தக் காரம் நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும். வாயை வெந்நீரில் கொப்பளித்துவிட்டு, மாடியில் நிற்காமல் வளவு வாசலில் தூணோரம் சாய்ந்து உட்காருங்கள். மின்விசிறி ஓடக் கூடாது. காற்று பட்டால் ஊதுலை மாதிரி நெருப்பு சூடேறும், ஒரு பக்கமாகவும் எரியும். ஆச்சி திட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், வாசனை பட்டுச்சேலையில் ஏறும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். கல்யாண மண்டபத்தில் எடுக்காதீர்கள். பொது இடத்தில் புகைக்க 2008 அக்டோபர் 2இலிருந்து தடை.

பற்றவைக்குமுன் கையில் வைத்துப் பாருங்கள். மேலிலையில் லேசான எண்ணெய்ப் பளபளப்பு இருக்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்தினால் கொஞ்சம் அமுங்கித் திரும்ப வேண்டும். நொறுங்கும் சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது, பஞ்சாக அமுங்கினால் ஈரம் அதிகம். நடுவில் ஒரு இடம் மட்டும் கல்லாக இருந்தால் அங்கே புகை அடைக்கும்.

மூடிய முனை வாய்க்கு, திறந்த முனை நெருப்புக்கு. மூடிய முனையில் சின்னத் தொப்பி ஒட்டியிருக்கும். தொப்பி வளைந்து இறங்கி நேராகும் இடத்துக்கு மேலே, இரண்டு மில்லிமீட்டர் போல வெட்டினால் போதும். அதற்குக் கீழே வெட்டினால் மேலிலை சுருள் சுருளாகப் பிரிந்துவிடும். இரட்டை அலகு கொண்ட சுருட்டு வெட்டி மலிவாகவே கிடைக்கும். ஒருவர் என்னிடம் பாக்குவெட்டி ஆகாதா என்று கேட்டார். ஆகாது. பாக்குவெட்டிக்கு ஒரு பக்கம்தான் கூர், மறுபக்கம் சுருட்டை நசுக்கும். புது பிளேடு அதைவிட நல்லது.

வெட்டியதும் பற்றவைக்காமல் வெறுமனே ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். பழச்சாற்றைக் குழாயில் உறிஞ்சுவது போன்ற லேசான தடை இருந்தால் சரி. அப்போதே நாக்கில் ஏதோ ஒரு ருசி தட்டும், வைக்கோல், உலர் திராட்சை, சில சமயம் தொழுவம். தொழுவ வாசனை கெட்டதல்ல, நல்ல ஊறலுக்கு அது அடையாளம்.

தீப்பெட்டி போதும். மருந்து முழுக்க எரிந்து கந்தக நெடி போன பிறகு, குச்சியின் வெறும் நெருப்பைக் காட்டுங்கள். கேஸ் லைட்டரும் சரி. பெட்ரோல் லைட்டர், மெழுகுவர்த்தி, விளக்கு எதுவும் கூடாது, அந்த எண்ணெய் வாசனை கடைசி வரை வரும். சுருட்டை நெருப்புக்குள் நுழைக்காமல், சுடரின் நுனிக்குச் சற்று மேலே பிடித்து, அப்பளம் வாட்டுவது மாதிரி சுற்றிச் சுற்றி வாட்டுங்கள். விளிம்பு முழுக்கச் சாம்பல் பூத்த பிறகு வாயில் வைத்து, திருப்பிக்கொண்டே இரண்டு மூன்று சின்ன இழுப்பு. முனையில் மெல்ல ஊதிப் பார்த்தால் வட்டம் முழுக்க ஒரே சிவப்பாக இருக்க வேண்டும்.

அப்புறம் அவசரமே இல்லை. ஒரு இழுப்பு, புகையை வாயில் இரண்டு விநாடி உருட்டி, வெளியே விடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. சளி பிடித்த அன்று ரசம் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். அதனால் நாலு இழுப்புக்கு ஒரு தரம், முக்கால் புகையை வாய் வழியாக விட்டுவிட்டு மிச்சம் கொஞ்சத்தை மூக்கு வழியாக மெல்ல வெளியேற்றுங்கள். உள்ளே இழுத்து அல்ல, வாயிலிருந்து நேராக மூக்குக்கு. முதல் தடவை கண்ணில் நீர் வரும். மூன்றாவது தடவையில் அதுவரை 'புகை' என்று மட்டும் தெரிந்த இடத்தில் நாலு வாசனை தனித்தனியாக நிற்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் எழுதி வைத்த பட்டியலில் சீடர் மரம், லெதர், காட்டுப் பழம் என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு, அந்த ருசி தனக்கு வரவில்லையே என்று நினைப்பார்கள். ராஸ்ப்பெரியை வாழ்க்கையில் சாப்பிடாதவன் அதைச் சுருட்டில் எங்கே தேடுவது? ஹோட்டலில் நானும் ஐந்தாறு வருடம் அந்தப் பட்டியலையே ஒப்பித்தேன். ஒரு ராத்திரி ஹோண்டுராஸ் சுருட்டு ஒன்று, பாதியில் ஒரு வாசனை. மண், பழைய மரம், லேசான பாசி நெடி எல்லாம் சேர்ந்தது. எங்கேயோ தெரிந்தது, பெயர் வரவில்லை. மறுநாள் காலையில் பல் விளக்கும்போது பிடிபட்டது. கல்பாசி! சூடான எண்ணெயில் கல்பாசி விழுந்ததும் ஆச்சி அடுப்படியிலிருந்து முகப்பு வரை வருமே, அதேதான். கல்பாசியைச் சும்மா முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சூடு பட்டால்தான் வாய் திறக்கும். அன்றிலிருந்து பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

நம் அஞ்சறைப்பெட்டியில் இல்லாததா? போன மாதம் பிடித்த, ரொபஸ்டோ என்ற அளவுள்ள ஒரு நிகரகுவாச் சுருட்டைச் சொல்கிறேன். ஐந்து அங்குல நீளம், 50 வளையம். வளைய அளவு என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதனால் 50 என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் குறுக்களவு. முதல் மூன்றில் ஒரு பங்கு பட்டென்று மிளகு, மூக்கில் ஏறியது. பின்னாலேயே வறுத்த மல்லி. கால் மணி கழிந்ததும் மிளகு அடங்கி, புதிதாக வறுத்த காபிக்கொட்டை, கொஞ்சம் வேர்க்கடலைத் தோல். நடுப்பகுதியில் புகை பால் மாதிரி வழவழப்பானது. கடைசிப் பங்கில் கருப்பட்டிப் பாகு காயும்போது பாத்திரத்தின் ஓரத்தில் பிடிக்குமே, அந்த அடி இனிப்பு. அதற்கு மேல் நெருப்பு விரலுக்கு அருகில் வந்து சூடேறவும் கசப்பு எட்டிப் பார்த்தது. அங்கே நிறுத்திவிட்டேன். கடைசி ஒன்றரை அங்குலத்தைக் காசு கொடுத்தோமே என்று இழுப்பவர் உண்டு, அதில் லாபம் எதுவும் இல்லை.

கசப்பிலும் ஜாதி உண்டு. கடுங்காபிக் கசப்பு, வேப்பம்பூக் கசப்பு இரண்டும் நல்லவை, பின்னால் இனிப்பு வரும். கருகிய வெங்காயக் கசப்பு வந்தால் சூடு மீறிவிட்டது. சாம்பலுக்குப் பக்கத்தில் சுருட்டைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் இரண்டு நிமிஷம் கீழே வைத்துவிடுங்கள். அணைந்தாலும் பாதகமில்லை. சாம்பலைத் தட்டி, உள்ளே தங்கிய பழைய புகையை வெளிப்பக்கமாக ஊதிவிட்டு மறுபடி வாட்டிப் பற்றவைக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, மறுநாள் என்றால் குப்பைதான். சாம்பலைச் சிகரெட் மாதிரி தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். ஒரு அங்குலம் நின்றால் அது நெருப்புக்குப் போர்வை, சூட்டைத் தணிக்கும். முடிந்ததும் நசுக்காதீர்கள், நசுக்கினால் வீடே நாறும். தட்டில் வைத்தால் தானே அணையும்.

இன்னொன்று, காரமும் கனமும் ஒன்றல்ல. காரம் என்பது நிகோடின், வயிற்றிலும் தலையிலும் தெரியும். கனம் என்பது புகை வாயில் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்பது. தண்ணீர் ரசத்துக்கும் பருப்பு ரசத்துக்கும் உள்ள வித்தியாசம் போல. புதிதாக வருபவருக்குக் காரம் குறைந்து, நயம் உள்ளதாகத் தேட வேண்டும். ஈக்குவடாரில் மேகமூட்டத்தின் நிழலில் விளையும் கனெக்டிகட் ரக மேலிலை போட்டவை அப்படிப்பட்டவை, வெளிர் மண்நிறத்தில் இருக்கும். உங்கள் பெட்டியில் இருப்பது கறுப்பா வெளிரா என்று எழுதவில்லை. வெளிராக இருந்தால் அதிர்ஷ்டம்.

கூடக் குடிக்க கருப்பட்டி போட்ட கடுங்காபியை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் கட்சி. பால் காபி நாக்கில் படலம் போட்டுவிடும். ரம் என்பார்கள், அவரவர் விருப்பம்.

இனி வைக்கும் இடம். இதில் நான் பட்ட அடி பெரிது. முதல் விடுமுறையில் வந்தபோது இருபத்தைந்து சுருட்டு உள்ள பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த கற்பூர மரப் பெட்டி இரண்டாங்கட்டு அறையில் இருந்தது. பித்தளைப் பூண், கனத்த மூடி, பூச்சி அண்டாது, நல்ல மரம், இதைவிட என்ன வேண்டும் என்று பட்டுச்சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனேன். அடுத்த தை மாதம் வந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தால், தலைவலித் தைலத்தைக் கொளுத்திப் பிடிக்கிற மாதிரி இருந்தது. இருபத்தைந்தும் அப்படியே. சுருட்டுக்கு எந்த வாசனையும் ஒட்டும், அந்துருண்டை போட்ட பீரோவும் அப்படித்தான். என் மனைவிக்கும் கோபம், அவள் கூறைச்சேலையில் புகையிலை வாசனை.

சுருட்டுப் பெட்டிக்குள் பதிக்கும் மரத்தை 'ஸ்பானிஷ் சீடர்' என்பார்கள். அது ஸ்பெயினும் இல்லை, சீடரும் இல்லை. அமெரிக்கக் கண்டத்து மரம், நம் வேம்பின் குடும்பம். நம் மலைகளில் வளரும் சந்தன வேம்பு அதற்கு நெருங்கிய உறவு. ஈரத்தை வாங்கி மெல்ல விடும், வாசனை புகையிலையோடு சண்டை போடாது. அதற்காக இங்கே அந்த மரப்பெட்டி வாங்கி அலமாரியில் வைத்தால் போதாது. 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும், 18 முதல் 21 டிகிரி வெப்பமும் அதற்குத் தேவை. நம் ஊரில் சித்திரையில் 38, 40 டிகிரி. முட்டைவெள்ளைக்கரு பூசிய சுவர் உள்ள உள்ளறைகூட அந்தக் குளிர்ச்சிக்கு வராது. 24 டிகிரியைத் தாண்டினாலே இலைக்குள் தூங்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிய ஆரம்பிக்கும். ஊசி குத்தியதுபோல ஓட்டை, பக்கத்தில் தூள் என்றால் அவர்தான். ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ்: ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். வெள்ளையாகப் பஞ்சுபோலப் படர்ந்தால் 'எண்ணெய் பூத்திருக்கிறது' என்று எவர் ஆறுதல் சொன்னாலும் நம்பாதீர்கள், பூசணம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒன்பதையும் காற்றுப் புகாத ஜிப் பையில் இரட்டையாகப் போட்டு, ஒரு நாள் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டு, மூன்று நாள் மேலே உறைதட்டு, மறுபடி ஒரு நாள் கீழ்த்தட்டு. படிப்படியாகப் போனால்தான் மேலிலை வெடிக்காது. வண்டு, முட்டை எல்லாம் முடிந்துவிடும். அப்புறம் நல்ல ரப்பர் விளிம்பு உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், அவர் கொடுத்த மரப்பெட்டியின் ஒரு பலகையையும் சேர்த்து, ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் ஈரப்பொட்டலம் ஒன்று போட்டு மூடி, ஏசி ஓடும் அறையில் தரையோரம் வையுங்கள். குளிர்ப்பெட்டியில் நிரந்தரமாக வைக்காதீர்கள், பொட்டலம் இல்லாவிட்டால் காயும், இருந்தாலும் மீன் குழம்பு வாசனை ஏறும். ஈரமானி வாங்கினால் நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர், ஈரமானியோடு பையில் போட்டு எட்டு மணி நேரம். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைவாகச் சொல்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது ஒரு மாதம் அப்படிக் கிடக்கட்டும். விமானத்திலும் கல்யாண வீட்டு அலமாரியிலும் அலைந்த இலை நிதானத்துக்கு வர அவ்வளவு நாள் ஆகும். அதற்குப் பிறகு ஒன்று எடுத்து, நான் சொன்னபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, மிளகா, மல்லியா, கல்பாசியா என்று எழுதுங்கள். ஒன்பதில் ஒன்றை உங்கள் ஊர்க் கருப்பருக்கு வைப்பதாக அம்மா சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாக வையுங்கள். ஆனால் முனையை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள், சாமியாடி பழக்கத்தில் பல்லால் கடித்துத் துப்பினால் மேலிலை முழுக்கப் பிரிந்துவிடும்.